ஜோசபின் தட்டு அடித்த ஞாயிறு

யாருக்கும் கேட்கவில்லையாம்.

பட்டப்பகலில் பூட்டை உடைத்து, அரிசி டின், அடுப்பு, துணிமூட்டை, அம்மிக்குழவி, செத்துப்போன புருஷனின் போட்டோ எல்லாவற்றையும் சாக்கடை ஓரத்தில் எறிந்துவிட்டு, கதவில் புதுப் பூட்டும் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தும்மினால் இந்தப் பக்கம் 'நூறாயுசு' சொல்கிற சந்து அது. ஆனாலும் ஒருவருக்கும் கேட்கவில்லையாம்.

"டிவி ஓடிக்கினு இருந்திச்சிக்கா," என்றாள் பக்கத்து வீட்டு பானு, முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு நைட் ஷிப்ட்டும்மா. தூங்கிட்டேன்," என்றார் எதிர்வீட்டு ஜம்புநாதன்.

மூலைவீட்டு லதா மாவ்ஷி மராத்தியில் ஏதோ முனகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜோசபின் வாதாடவில்லை. வேலைக்குப் போன சேலையோடு சாக்கடை ஓரம் குனிந்து குழவியைத் தூக்கினாள். புதுப் பூட்டின்மேல் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"இது கேக்குதா பானு?" இன்னொரு போடு. "ஜம்பு அண்ணே, தூக்கம் கலைஞ்சிச்சா?" இன்னொன்று. "மாவ்ஷி, ஆவாஜ் ஆலா கா?"

பூட்டு வாயைப் பிளந்து விழுந்தது. அன்றைக்கு மட்டும் சந்தில் எல்லாருக்கும் காது கேட்டது.

செய்தது யாரென்று அவளுக்குத் தெரியும். கொழுந்தன் சவரிமுத்து. ஹடப்சரில் கால்வாயை ஒட்டிய இந்தக் குடிசை வஸ்தியில் இந்த ஒற்றை அறையை அவளும் அவள் புருஷன் இருதயராஜும் சேர்ந்து கட்டினார்கள். இருதயராஜ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும், 'பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்கு வீடு' என்று தம்பி கிளம்பிவிட்டான். பக்கத்தில் மகர்பட்டாவில் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே காவலுக்கு வரும் வாட்ச்மேன்களுக்குத் தங்க இடம் வேண்டும். அவர்களை இந்த அறையில் அடைத்து வாடகை வாங்கலாம் என்று அவன் கணக்கு. போலீஸ் சௌக்கிக்கும் போய்ப் பார்த்தாள். "வீட்டு விவகாரம், வீட்டுக்குள்ளேயே பேசிக்கோங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

சவரிமுத்துவுக்குக் கட்கிப் பக்கம் வேலை, ஞாயிறு லீவு. ஜோசபின் மெஷினில் உட்கார்ந்து தகடு வெட்டும் பிரஸ் ஷாப் இருக்கிற ஹடப்சர் தொழிற்பேட்டைக்கோ கரண்ட் நிறுத்துகிற வியாழன்தான் லீவு. அவன் ஓய்ந்திருக்கும் நாளில் இவள் தகட்டை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் ஞாயிறு பார்த்து வருகிறான்.

பிரஸ் ஷாப்பில் கழித்துப் போடும் வட்டத் தகடுகளை மடி நிறைய அள்ளி வந்தாள். எண்ணெய் டப்பா ஒன்றில் அவற்றைக் கொட்டி, மேலே நாலைந்து போல்ட்டும் போட்டு, பரண் விளிம்பில் நிறுத்தினாள். டப்பாவிலிருந்து ஒரு கம்பி கதவுக்கு ஓடியது. கதவு உள்ளே தள்ளப்பட்டால் டப்பா கீழே வரும். இவள் மட்டும் இடுக்கில் விரல் விட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். மறந்த அன்றெல்லாம் சந்தே பதறியது.

"இன்னாக்கா, வீட்டுக்குள்ள கம்பெனி வெச்சிட்டியா?" என்று பானு சிரித்தாள்.

"கேக்குதில்ல? அது போதும்."

அடுத்த முறை சவரிமுத்து வந்தபோது டப்பா விழுந்தது. தகடுகள் சிமெண்டுத் தரையில் சிதறிய சத்தம் குழாயடி வரைக்கும் போனது. அவனே ஒரு துள்ளு துள்ளினானாம். பிறகு நிதானமாக வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு கதவும் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே கட்டிலைத் தூக்கிப் போய்விட்டான். 'வர்ற ஞாயித்துக்கிழமை ஆளுங்களக் குடி வெக்கிறேன், அண்ணிகிட்ட சொல்லிடு' என்று பானுவிடமே சொல்லிவிட்டும் போயிருக்கிறான்.

இந்த முறை பானு டிவி கதை சொல்லவில்லை. "கேட்டுச்சிக்கா," என்றாள். "தடியனுங்க ரெண்டு பேரு கூட வந்தானுங்க. நான் வந்து இன்னா பண்ணுவேன்?"

ஜோசபினுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தன் டப்பாமேல்தான் கோபம். சத்தம் போட்டது, ஆனால் ஒருத்தரையும் எழுப்பவில்லை.

அந்த வியாழக்கிழமை கேம்ப் சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது அவளுக்குப் புத்தி பிடிபட்டது. பூல்கேட்டில் ஏறிய சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில், ஆறு பேர் இடத்தில் வழக்கம்போல் பத்துப் பேர். பின்னால் இடித்து உட்கார்ந்தவனின் கை இவள் இடுப்பில் ஊர்ந்தது. முன்பொரு நாள் வேறொருத்தி இதே வழியில் அலறியபோது டிரைவர் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் பாட்டுச் சத்தத்தை ஏற்றியது இவளுக்கு ஞாபகம் இருந்தது. கூட வேலை செய்யும் எஸ்தர் வாங்கிக் கொடுத்திருந்த விசில் இவள் கழுத்தில், ஜெபமாலையோடு தொங்கியது. எடுத்து ஊதினாள். பிரஸ் ஷாப்பில் மூச்சுப் பிடித்து வேலை செய்த நெஞ்சு, சத்தம் கிழித்துக்கொண்டு போனது.

வண்டி குலுங்கி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, மாமூலுக்குச் சட்டைப் பையில் கைவிட்டபடியே ஓடி வந்தான்.

"ஹவல்தார் கிதர்? ஹவல்தார் கிதர் ஹை?"

"ஹவல்தார் நஹி. மை ஹூ!" என்றாள் ஜோசபின்.

வண்டியே சிரித்தது. கை நீட்டியவன் சிரிப்புக்கு நடுவே இறங்கி நழுவினான்.

மிச்ச வழி முழுக்க அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். டிரைவர் நின்றது அவளுக்காக இல்லை. போலீஸ் விசிலோ என்று அவனுக்குப் பயம், பத்துப் பேர் ஏற்றிய பயம். அடுத்தவன் துன்பத்துக்கு எவன் காது திறக்கிறான்? அவனவன் பயத்துக்குத்தான் திறக்கிறது. அப்படியானால் இந்தச் சந்துக்கு எதன்மேல் பயம்?

தீ. வேறென்ன? ஒரு கோடையில் ஸ்டவ் வெடித்துக் கீழ்ச்சந்து மொத்தமும் கரியானதிலிருந்து வஸ்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாவு பிசையும் பராத் தட்டை யாராவது நிறுத்தாமல் அடித்தால், தீ என்று அர்த்தம். வீட்டுக்கு ஒருவர் தண்ணீரோடு வந்தாக வேண்டும். வராத வீட்டுக் குடம் மறுநாள் குழாயடியில் கடைசி. பொய்யாக அடித்தவர்களுக்கும் அதே தண்டனை. இதுவரை ஒருவரும் பொய்யாக அடித்ததில்லை.

ஞாயிறு காலை வேலைக்கு மட்டம் போட்டாள். பராத்தையும் பூரிக்கட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், பானுவிடம் பூட்டையும் சாவியையும் நீட்டினாள்.

"வெளியே பூட்டிடு."

பானு பராத்தைப் பார்த்தாள். "நெருப்புத் தட்டாக்கா? வேணாம்கா. பொய்யா அடிச்சா சந்து உன்ன சும்மா விடாது."

"மெய்யா நடந்தப்ப சும்மாதானடி விட்டீங்க?"

பானு பூட்டினாள்.

டப்பாக் கம்பியைக் கழற்றிவிட்டு, இருட்டறையில் ஜோசபின் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பைக் சத்தம், சவரிமுத்துவின் குரல், பூட்டுக்குள் கம்பி நுழைகிற உராய்வு. பிரஸ் ஷாப்பில் பாதி அடைத்துப்போன வலது காதுக்கும் அது தெளிவாகக் கேட்டது. இப்போதே அடித்தால், 'கதவத் தொடவே இல்ல' என்பான். பொறுத்தாள். பூட்டு தெறித்துக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் சவரிமுத்து நின்றான்.

"அண்ணி! நீ ஷிப்ட்டுக்குப் போவல?"

அவள் அடிக்கத் தொடங்கினாள். தண், தண், தண், தண். இடைவெளி விடாத அடி. தகரக் கூரை வாங்கி இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தது. சவரிமுத்து காதைப் பொத்தினான். சந்தின் அந்தக் கோடியில் தீ, தீ என்று மராத்தியில் ஒரு குரல் வீரிட்டது: "ஆக் லாக்லி! ஆக்!"

பிறகு கதவுகள் திறந்த சத்தம் இருக்கிறதே, ஜோசபின் வாழ்நாளில் அப்படிக் கேட்டதில்லை. மூடியிருந்த அத்தனையும் ஒரே மூச்சில். பக்கெட், குடம், குளித்துக்கொண்டிருந்தவன் கையில் சொம்பு. ஜம்புநாதன் லுங்கியை மடித்துக் கட்டியபடி முதல் ஆளாக வந்து, வாசலில் நின்ற உருவத்தின்மேல் பக்கெட்டைக் கவிழ்த்தார். லதா மாவ்ஷி இரண்டாவது. சவரிமுத்துவின் இஸ்திரிச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"எங்கடி நெருப்பு?" என்று மூச்சிரைத்தார் ஜம்புநாதன்.

"தோ, நிக்குதே. நனைஞ்சிக்கினு."

கூட்டம் அவனைப் பார்த்தது. கூட வந்த இரண்டு தடியன்களையும், அவர்கள் கையிலிருந்த கம்பியையும், உடைந்து கிடந்த பூட்டையும் பார்த்தது. டிவி பார்த்தேன், தூங்கினேன் என்று சொல்ல இனி ஒருவருக்கும் வழியில்லை.

"பொய்த் தட்டா அடிச்சே?" ஜம்புநாதன் கோபத்தில் கத்தினார்.

"ஆமா, பொய்த் தட்டுதான். டப்பா விழுந்தா வர மாட்டீங்க, பூட்டு ஒடைஞ்சா வர மாட்டீங்க. உங்க கூர எரியும்னாதான் வருவீங்க. அதான் கூப்பிட்டேன்."

"இது எங்க அண்ணன் வீடு," என்றான் சவரிமுத்து, முகத்தைத் துடைத்தபடி. "நான் வருவேன், போவேன். உங்களுக்கு இன்னா?"

"உங்க அண்ணன் சொவரு கட்டுனாரு. செங்கல் சொமந்தது யாரு?" அவள் அவனிடம் கேட்கவில்லை. "ஜம்பு அண்ணே, சிமெண்டு கலந்தது நீங்க. சொல்லுங்க. தலையில துணிய சுத்திக்கினு கால்வாய் ஓரத்துலருந்து செங்கல் சொமந்தது யாரு?"

ஜம்புநாதன் காலி பக்கெட்டைப் பார்த்தார். பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறார் என்றுதான் ஜோசபின் நினைத்தாள். கையிலிருந்த கட்டையை இறுக்கினாள்.

"நீதான்," என்றார் கடைசியில், எரிச்சலோடு. "எல்லாருக்கும் தெரியும். இதுல இன்னா கேள்வி?"

"அவளோட வீடுதான்," என்று லதா மாவ்ஷியும் மராத்தியில் சொன்னாள். பானு வந்து வாசற்படியில், ஜோசபினுக்கு முன்னால் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

தடியன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினார்கள். பூட்டு உடைக்கத்தான் அவர்கள் வந்தது, சந்தோடு மல்லுக்கட்ட இல்லை. தனியாக நின்ற சவரிமுத்து, "சத்தத்த நம்பி எத்தினி நாளு குடித்தனம் பண்ணுவே?" என்றான்.

"கை வலிக்கிற வரைக்கும். பிரஸ்ல உக்காந்த கைடா, வலிக்காது. வா, எப்ப வேணா வா."

பைக் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. கோபம் இப்போது அவள் பக்கம் திரும்பியது.

"நாளைக்கு நெஜமாவே தீப்பிடிச்சா? நீ அடிச்சா எவன் வருவான்?" என்றார் ஜம்புநாதன்.

"வராம இருந்து பாருங்களேன்," என்றாள் ஜோசபின்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை குழாயடியில் வரிசை வைத்திருந்தார்கள். ஜம்புநாதன் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவள் வாதாடுவாள் என்று. ஜோசபின் யாரையும் கேட்கவில்லை. நேராக வரிசையின் வாலுக்குப் போனாள். வெறும் பித்தளைக் குடத்தைக் கல்லின்மேல் 'ணங்'கென்று வைத்தாள். முன்னால் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க? கடைசிதான். ஆனா என் வீட்டுலருந்து வந்து நிக்கிறேன்."