பச்சை மேலே

நாடு முதல்முறையாக ஆடப்போகும் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணிக்கடைப் பையும் பனியனும் அடித்துக்கொண்டிருந்தவளிடம் ஊரே வந்து கொடி கேட்டது. போன வாரம்வரை கோல்கீப்பர் எதற்குக் கையுறை போடுகிறான் என்று தெரியாத ஆசாமிகளெல்லாம் நாட்டுக்காக உயிரை விடத் தயாராகிவிட்டார்கள்.

கொடியில் மூன்றே சமாச்சாரம். ஒரு சிவப்புப் பட்டை, ஒரு பச்சைப் பட்டை, நடுவில் ஒரு மஞ்சள் கொக்கு. எந்தப் பட்டை மேலே? போனில் தேடினால் ஒரு நிமிட வேலை. ஆனால் சொந்த நாட்டுக் கொடியைப் போய்த் தேடுவதா, வெட்கக்கேடு! வாசலில் நின்ற நாலு பேரைக் கேட்டாள்.

"பச்சைதான் மேல. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார் கறிக்கடைக்காரர். மூன்று பேர் பச்சை என்றார்கள், ஒருவர் சிவப்பு என்றார். பெரும்பான்மைப்படி பச்சை மேலே போனது.

இத்தனைக்கும் அவள் புருஷனுக்கு வேலையே கொடிதான். நகராட்சி அலுவலகத்தில் பியூன். இருபத்தெட்டு வருஷமாகக் காலையில் ஏற்றி, மாலையில் இறக்கி, நலுங்காமல் மடித்துப் பீரோவில் வைக்கிற மனுஷன். ஒல்லி, நெட்டை, விறைப்பு. ஆபீஸில் அவருக்குப் பெயரே கொடிமரம். ஆனால் தேர்தல் வேலையாக வெளியூர் போயிருந்தார். போனில் கேட்டால், "இதுகூடவா தெரியாது?" என்று அரைமணி நேரம் பாடம் நடத்துவார். அதற்குப் பயந்து விட்டுவிட்டாள். அவர் இல்லாததால் ஆபீஸ் கம்பம் பதினைந்து நாளாக மொட்டையாக நின்றது. தேசபக்தர்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மூவாயிரம் கொடி போனபிறகு, ஒரு நாள் சுவரில் ஒட்டடை அடிக்கும்போதுதான் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். புருஷன் கம்பத்தடியில் விறைத்து நிற்கிறார். தலைக்குமேல் கொடி. சிவப்பு மேலே, பச்சை கீழே.

போட்டோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். ஊர் அடித்தால்கூட வாங்கிக்கொள்வாள். அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவளுக்கு நடுக்கம். அவருக்குச் சாமியே அந்தத் துணிதான். கட்டின பெண்டாட்டியே அதைத் தலைகீழாக்கினாள் என்று தெரிந்தால், அப்புறம் ஆயுசுக்கும் அவளோடு பேசமாட்டார் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாவது ஆட்டம். முதல் இரண்டிலும் ஜெயித்தாகிவிட்டது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே திடலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த கொடிகளோடு அவளும் ஓரமாக நின்றிருந்தாள். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு கொடிமரம் கூட்டத்துக்குள் வந்தார். தோளில் பை, கையில் போகும் இடத்துக்கெல்லாம் எடுத்துப்போகிற தன்னுடைய பழைய கொடி.

நாலு பக்கமும் பார்த்தவருக்குக் கண் சிவந்தது.

"எந்தக் கழுதைய்யா இதை அடிச்சது? சிவப்புதான்யா மேல!" என்று பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரின் கொடியைப் பிடுங்கித் திருப்பினார். "இப்படிப் பிடி!"

சிவப்பு மேலே வந்தது. கொக்கு தலைகீழாகத் தொங்கியது.

"யோவ், நம்ம சின்னம் கொக்கா, வௌவாலா?" என்றார் ஆட்டோக்காரர்.

அப்புறம்தான் கொடிமரத்தின் கையில் இருந்த கொடியை ஒருவன் பார்த்துவிட்டான். "சிவப்பு மேல வச்சிருக்கான்! எதிரி ஆளுடா!"

கறிக்கடைக்காரர் வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "கீழ போட்டு மிதி. இல்ல, மரியாதை கெட்டுடும்."

"தலையே போனாலும் போடமாட்டேன்" என்றார் கொடிமரம். சட்டை பர்ரென்று கிழிந்தது.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வந்ததோ! "விடுங்கய்யா அவரை! அவர் கையில இருக்கறதுதான் நம்ம கொடி. நான்தான் தப்பா அடிச்சேன். மூவாயிரமும் தப்பு!"

யாரோ போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். "அக்கா சொல்றது நெசம்தான். சிவப்புதான் மேல."

தன்னைக் கிழித்துப் போடப்போகிறார்கள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறிக்கடைக்காரர் சட்டையை விட்டுவிட்டு, தாடையைச் சொறிந்தார்.

"சரி, இருக்கட்டும். ரெண்டு ஆட்டம் ஜெயிச்சது எந்தக் கொடியில? பச்சை மேல! அண்ணே, உங்களது சரியான கொடிதான், யாரு இல்லேன்னா? ஆனா ராசியில்லாத கொடி. கப்பு முடியற வரைக்கும் மடிச்சு உள்ள வைங்க."

கூட்டம் கைதட்டி விசிலடித்தது. தப்பு அடித்தவளுக்கும் சேர்த்து ஒரு ஜே போட்டார்கள். என்னத்தைச் சொல்ல!

கொடிமரம் ஆபீஸ் படியில் உட்கார்ந்து கொடியை மடித்தார். அவளும் போய் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

"இருபத்தெட்டு வருஷம்" என்றார். "தினம் இந்தக் கம்பத்துலதான் ஏத்தறேன். கீழதான் இவனுங்க நடக்கறானுங்க, டீ குடிக்கறானுங்க. ஒருத்தன் ஒரு நாள் நிமிர்ந்து பாக்கல." மடிப்பைத் தடவினார். "தினம் சாப்பாடு கொண்டுவந்து இங்கதான் குடுப்பே. நீயும் பாக்கலியே."

அவள் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா கோல் விழவேண்டும்! எண்பத்தெட்டாவது நிமிஷம். திடல் மொத்தமும் எகிறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்தில் புருஷனைக் காணோம். மடித்த கொடி அவள் மடியில் கிடந்தது. கிழிந்த சட்டையோடு மனுஷன் கறிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். அவள் வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு கொடியை உருவியிருக்கிறார். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அதைச் சுழற்றுகிறார்.

அவள் எழுந்து போய் அவருடைய பழைய கொடியை நீட்டினாள். "இந்தாங்க, உங்க கொடி. அதைக் குடுங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். முகம் கறுத்தது. அப்புறம் திரையைப் பார்த்தார். ஆட்டம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"இரு, இரு. விசில் ஊதட்டும்" என்றார் கொடிமரம். "எதுக்கு வம்பு?"