ஏழாம் எண் பொறி

ஒரு தேசத்தின் தலைவிதி ஓர் ஈயின் சிறகில் தொங்குகிறது என்றார் டாக்டர் எவிலாசியோ. சொல்லி முடிப்பதற்குள் அவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அது வெறும் வீட்டு ஈ.

பழத்துக்குள் முட்டையிட்டுப் பயிரை அழிக்கும் நட்சத்திரப்பழ ஈ ஆற்றுக்கு அக்கரையில், மக்காபாவில் இருக்கிறது. அது எங்கள் கரைக்கு வரும் அபாயம் எவ்வளவு என்று மதிப்பிட பெலேன் நகரத்திலிருந்து வந்தவர் டாக்டர். அந்த ஈக்காக ஊரில் வைத்த பன்னிரண்டு பொறிகளை வாராவாரம் திறந்து பார்ப்பவன் நான், ஜெனி. படகில் வரும் ஏழைகளின் மூட்டைதான் ஈ நுழையும் வழி என்று அறிக்கையில் எழுதினார். துறையில் ஆள் நிறுத்தி, சுருட்டிய தொங்குபடுக்கையைக்கூட அவிழ்க்க வைத்தார். வாராவாரம் ஊராருக்கு வகுப்பும் எடுத்தார்.

ஐந்தாம் வாரம், ஏழாம் எண் பொறியில் ஓர் ஆண் ஈ கிடந்தது. ஊரில் பெரிய பழத்தோட்டம் இராசி அக்காவுடையது. அங்கே பழுத்திருந்த அசெரோலா என்ற சிவப்புப் பழம் முழுவதையும் பறித்துப் புதைக்கச் சொல்லி அன்றே உத்தரவு எழுதினார். வியாழக்கிழமை பழம் ஏற்றச் சாறு ஆலையின் லாரி வரவேண்டிய தோட்டம் அது.

அக்கா டாக்டர் தங்கியிருந்த விடுதிக்கே வந்துவிட்டாள்.

"என் தோட்டத்துல மூணு பொறி இருக்கு, டாக்டர். மூணும் காலி. ஏழாம் நம்பர் எங்க இருக்குன்னு ஜெனிகிட்ட கேளுங்க."

"இந்த விடுதிக்குப் பின்னாடி. சமையற்கட்டு ஜன்னல்ல இருந்து இருபது அடி" என்றேன்.

"ஈ பறக்கும், தம்பி."

"ரெண்டு கிலோமீட்டர் பறந்து உங்க ஜன்னலுக்கு வர்றதுக்கு அதுக்கென்ன வேண்டுதலா?" என்றபடி அக்கா சமையற்கட்டுக்குள் போனாள். மேசைமேல் ஒரு பை நட்சத்திரப் பழம். "இது எந்த ஊர்ப் பழம்?"

"மக்காபா. வகுப்புக்காகத் திங்கக்கிழமை திங்கக்கிழமை கொண்டுவர்றேன். இதைக் கொண்டுவராதீங்கன்னு சொல்லணும்னா, எதைன்னு காட்ட வேண்டாமா?"

"துறையில உங்க பையைப் பாக்கலையா?"

"பாக்குறவங்களுக்கே பாடம் எடுத்தவன்மா நான்!"

"எழுந்து நின்னு வணக்கம் சொல்லியிருப்பானுங்க. வகுப்பு முடிஞ்சா பழம் என்னாகும்?"

"சாறு பிழிஞ்சுக்குவேன். அழுகினதை ஜன்னல் வழியா..."

டாக்டர் பேனாவை எடுத்தார். உத்தரவில் தோட்டத்தின் பெயரை அடித்துவிட்டு விடுதி என்று எழுதினார். குழியை நான் வெட்டினேன்.

புதைக்கும் முன் பழங்களை வெட்டிப் பார்ப்பது விதி. பையில் மிச்சம் ஏழு. ஐந்தில் புழு இருந்தது. அன்று காலையும் அவர் இரண்டு தம்ளர் சாறு குடித்திருந்தார்.