பெரிய வெள்ளியில் பிடிபட்ட மீன்

லவீனாவுக்கு வடிவில்லாத எதையும் கண்ணில் காட்டக்கூடாது. சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பல்லால் கடித்து அறுத்துப்போட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் குருநகர்க் கரையிலுள்ள ஒரு மீனவர் சங்கம் தன் இணையத்தளத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவள் அவள்தான், அதுவும் சும்மா செய்து தருகிறேன் என்றவள்.

அவள் கொழும்பில் ஒரு கம்பனிக்கு இணையத்தளங்கள் செய்துகொண்டிருந்தவள். மாசி மாதம் அவளுடைய தகப்பன் மரியநாயகம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கு வந்து, திரும்பிப் போய், மனம் கேட்காமல், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு தாயோடு வந்திருந்துவிட்டாள். சங்கத் தலைவர் அவளிடம் கேட்டது ஒரே ஒரு காரியம்.

“கடலிலை மீன் குறைஞ்சு போச்சு எண்டு தொண்டை கிழியக் கத்துறம், பிள்ளை. ஒருத்தரும் காதிலை போட்டுக்கொள்ளினமில்லை. படமாய்க் கீறிப் போட்டுவிடு. ஆர் தொட்டுப் பார்த்தாலும் விளங்கவேணும்.”

லவீனா கீறினாள். ஒவ்வொரு மீன்பிடிப் போட்டுக்கும் ஒரு நிறத்தில் ஒரு கோடு. கோட்டில் ஒரு நாளைத் தொட்டால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, எந்தப் போட், அன்றைக்கு எத்தனை கிலோ என்று சொல்லும். இரண்டு விரலால் விரித்தால் ஒரு வருடம் ஒரு கிழமையாகச் சுருங்கும். ஒரு போட்டின் பெயரைத் தொட்டால் மற்றக் கோடுகள் மறைந்து அது மட்டும் நிற்கும். எல்லாம் சரி. ஆனால் முதன்முதல் கணக்கை ஏற்றிப் பார்த்தபோது கோடுகள் கறிக்கு வெட்டிய முருங்கைக்காய் மாதிரித் துண்டு துண்டாகக் கிடந்தன. இறங்குதுறையில் மீன் நிறுத்துக் கணக்கு வைக்கிற றஞ்சித் இடைக்கிடை நாட்களை வெறுமையாக விட்டிருந்தான். மறந்துபோயிருப்பான் என்று அவள் நினைத்தாள். றஞ்சித்தைக் கேட்டிருக்கலாம். துறைக்கு நடந்துபோக ஐந்து நிமிடம் ஆகாது. கேட்கவில்லை. வெறுமையான நாள் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிறையைப் பார்த்து இடையில் நிரப்பிக்கொள் என்று கம்பியூட்டருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். கோடுகள் வளைந்து நெளிந்து வடிவாக ஓடின. லவீனாவும் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு, அந்த வரியை எழுதியதையே மறந்துபோனாள்.

முதலில் பார்க்கக் கொடுத்தது அம்மாவுக்குத்தான். யோசப்பின் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

“இதிலை அப்பாவின்ரை போட் எங்கை?”

“நீலக்கோடு அம்மா. சவேரியார் எண்டு கிடக்கெல்லோ, அதைத் தொடுங்கோ.”

சவேரியார் மரியநாயகத்துக்கும் கனிசியசுக்கும் பொதுவான போட். இரண்டு பேரும் மீசை முளைத்த காலத்திலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள். கனிசியஸ் வயதில் இளையவர். மரியநாயகத்தை அண்ணை என்றும் யோசப்பினை அக்கா என்றும் கூப்பிடுவார். கடலால் வந்தால் தன் வீட்டுக்குப் போகமுதல் இந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர் செத்தவீட்டுக்குப் பிறகு வீட்டுப் படலைக்குள் கால் வைக்கவில்லை. இப்போதும் அந்தப் போட்டில்தான் போய்வருகிறார், பிடிபட்டதில் நல்ல மீனாகத் தெரிந்தெடுத்து றஞ்சித்திடம் கொடுத்துவிடுகிறார், ஆனால் ஆளைக் காணவில்லை. யோசப்பின் மீனை வாங்குவாள், ஒன்றும் கேட்கமாட்டாள். யாராவது கனிசியஸின் பேச்சை எடுத்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்துபோய்விடுவாள். ஊராரும் அதன்பிறகு அவரைப் பற்றி அவளிடம் கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

யோசப்பினின் விரல் கோட்டின்மேல் பின்னால் பின்னால் போனது. ஆனி, வைகாசி, சித்திரை, பங்குனி, மாசி. எந்த நாளைத் தேடுகிறாள் என்று லவீனாவுக்குத் தெரிந்தது. விரல் நின்றது, பெட்டி திறந்தது.

சவேரியார், முப்பத்தெட்டுக் கிலோ.

யோசப்பின் அதை இரண்டு தரம் வாசித்தாள். “இது அப்பாவைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்த நாளெல்லோ, பிள்ளை.”

குருநகரில் ஒரு பிரேதம் வீட்டில் கிடந்தால் அந்தக் கரையால் ஒரு போட்டும் இறங்காது. யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எதிரியின் பிரேதமாக இருந்தாலும் அப்படித்தான்.

“இரவு வலை விட்டிட்டு வந்துதான் கனிசியஸ் சவப்பெட்டி தூக்கியிருக்கிறார்” என்றாள் யோசப்பின். குரல் உயரவில்லை. “கண் ரெண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்து கிடந்தது. அழுது சிவந்த கண்ணாக்கும் எண்டு நான் நினைச்சன். நித்திரை முழிச்ச கண்.”

அவள் அடுத்த நாளைத் தொட்டாள். அதற்கடுத்த நாளையும் தொட்டாள். மரியநாயகத்தின் எட்டாம் நாள் பூசை நடந்த அன்றும் சவேரியாருக்கு மீன் பட்டிருந்தது. செத்தவீடு முடிந்து ஒரு மாதம் யோசப்பின் இளவாலையில் தங்கச்சி வீட்டில் இருந்தவள். கரையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, இப்போது போன் சொல்லித்தான் தெரிகிறது. போனை மகளின் கையில் வைத்துவிட்டு மிச்ச வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.

லவீனாவுக்கும் ஆத்திரம் வந்தது. சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெருநாள் பார்க்கக் கூட்டிப்போன கனிசியஸ் மாமா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அப்பாவுக்காகப் பொறுத்திருக்கமாட்டாரா? கணக்குப் பிழையாக இருக்கும் என்று ஒரு கணமும் அவளுக்குத் தோன்றவில்லை. தான் செய்தது பிழையாகுமா?

அடுத்த நாள் காலை றஞ்சித் வழமைபோல ஒரு பையில் விளைமீனோடு வந்தான். யோசப்பின் படலைக்கு வந்து பையைப் பார்த்தாள், வாங்கவில்லை.

“கொண்டுபோய் அவரிட்டையே குடும், தம்பி. இனி எங்களுக்கு வேண்டாம் எண்டும் சொல்லும்.”

றஞ்சித் வாயைத் திறக்கமுதல் அவள் உள்ளே போய்விட்டாள். அவன் பையும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றான். லவீனா செருப்பைக் கொழுவிக்கொண்டு ஒழுங்கை முடக்கு வரையும் அவனோடு போய், அங்கே நின்று விசயத்தைச் சொன்னாள்.

“உமக்கென்ன விசரோ?” என்றான் றஞ்சித். “அந்த மாசம் முழுக்கச் சவேரியார் கரையிலை எல்லோ கிடந்தது. கனிசியஸ் அண்ணை முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சுதான் இறக்கினவர். அதுக்குள்ளை எத்தினை பேர் கேட்டவை, நாங்கள் கூட வாறம் எண்டு. ஆள் அசையேல்லை.”

“நீங்கள் அனுப்பின கணக்கு வேறை மாதிரிச் சொல்லுது.”

“நான் அனுப்பினதோ? எங்கை காட்டும்.”

லவீனா போனை நீட்டினாள். றஞ்சித் பையை மதிலில் வைத்துவிட்டுக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒரு நாளைத் தொட்டான், நெற்றி சுருங்கியது. இன்னொரு நாளைத் தொட்டான். பிறகு அவன் முகத்தில் மெல்லமெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“இது பெரிய வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கக் கோயிலுக்குள்ளை சிலுவைக்குப் பின்னாலை நிண்டது. நீர் அண்டைக்கு எல்லாப் போட்டையும் கடலிலை இறக்கி மீன் பிடிப்பிச்சிருக்கிறீர். பங்குச் சுவாமி கண்டால் உம்மைக் கோயிலுக்குள்ளை எடுக்கமாட்டார்.”

லவீனா போனைப் பறித்துப் பார்த்தாள். பெரிய வெள்ளியில் மீன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன். கடல் கொந்தளித்து யாரும் கால் நனைக்காத கிழமையிலும் மீன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கரையில் பிறந்து வளர்ந்தவள், வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரையே வலை விடவைத்திருக்கிறாள். கோடு வடிவாக ஓடுகிறதா என்று பார்த்தாளே தவிர எங்கே ஓடுகிறது என்று பார்க்கவில்லை. தான் எழுதிய அந்த ஒரு வரி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கன்னம் இரண்டும் சுட்டன.

“போகாத நாளுக்குப் பூச்சியம் எண்டு போட்டிருக்கலாமே? ஏன் வெறுமையாய் விட்டனீங்கள்?” என்று கேட்டாள். பிழையில் ஒரு பங்கையாவது அவன் தலையில் கட்டப் பார்த்தாள்.

றஞ்சித்தின் சிரிப்பு நின்றுவிட்டது. “போட்டின்ரை பேருக்கு நேரை பூச்சியம் போடுறதோ? நல்ல கதை. எனக்கு முதல் இருந்தவரும் போடேல்லை, நானும் போடமாட்டன். போனால் நிறையைப் போடுறது, போகாட்டில் விடுறது. உது இந்தக் கரையிலை ஆருக்கும் தெரியும்.”

லவீனாவுக்கும் தெரிந்திருக்கவேண்டியதுதான். அப்பா உயிரோடு இருந்தபோது வெறுங்கையோடு வந்த நாளிலும் “ஒண்டும் இல்லை” என்று சொன்னதை அவள் கேட்டதில்லை. “இண்டைக்குக் கடல் வைச்சுக்கொண்டிட்டுது” என்றுதான் சொல்வார்.

வீட்டுக்கு ஓடிவந்து கம்பியூட்டரைத் திறந்து அந்த வரியை அழித்தாள். இரண்டு நிமிட வேலை. அந்த ஒரு வரி அம்மாவின் ஒரு இரவு நித்திரையைத் தின்றிருந்தது, மீனைத் திருப்பி அனுப்பவைத்து ஒரு மனிதனை அவமானப்படுத்தியிருந்தது. கோடுகள் பழையபடி துண்டு துண்டாகக் கிடந்தன. இந்தமுறை அவை அவளுக்கு வடிவில்லாமல் தெரியவில்லை.

“அம்மா, இஞ்சை ஒருக்கால் வாங்கோ.”

“எனக்கு உந்தப் படம் வேண்டாம், பிள்ளை.”

“நான் பிழை விட்டிட்டன் அம்மா. மாமா கடலுக்குப் போகேல்லை. போகாத நாளுக்கெல்லாம் நான்தான் மீன் பிடிச்சு வைச்சிருக்கிறன்.”

யோசப்பின் வந்து கதிரையில் இருந்தாள். லவீனா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். வெறுமையாகக் கிடந்த நாட்கள், நிரப்பச் சொல்லி எழுதிய வரி, றஞ்சித் சொன்னது, எல்லாம். யோசப்பின் ஏசவில்லை. ஏசியிருந்தால் லவீனாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சவேரியாரின் நீலக்கோடு மாசியில் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஒரு மாதத்துக்கு ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை. அதற்கு அங்காலே போய்த்தான் மறுபடி தொடங்கியது. யோசப்பின் அந்த வெள்ளையின்மேல் விரலை வைத்தாள். பெட்டி ஒன்றும் திறக்கவில்லை. அவள் விரலை எடுக்கவுமில்லை.

“மற்றவையையும் காட்டு” என்றாள்.

லவீனா எல்லாப் போட்டுகளையும் திரைக்குக் கொண்டுவந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று கரையிலிருந்த அத்தனை போட்டுகளும் ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி இறங்கி ஓடிவந்தன. மரியநாயகம் செத்த நாளுக்கு வந்ததும் எல்லாக் கோடும் நின்றது. ஒன்றுகூட மிச்சமில்லை. அவரை அடக்கம் செய்த நாளையும் தாண்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கின, நீலத்தைத் தவிர.

“எல்லாரும் நிண்டிருக்கினம்” என்றாள் யோசப்பின். “அந்தோனியார் போட்டும் நிண்டிருக்குது. அவையோடை எங்களுக்கு வலைச் சண்டை, கதைபேச்சு இல்லை. அவையும் போகேல்லை.” அன்றைக்கு அவள் வீட்டுக்குள் சவப்பெட்டியடியில் இருந்தவள். வெளியே கடல் எப்படிக் கிடந்தது என்று அவள் கண்டாளா?

அவள் எழுந்து முகம் கழுவி வேறு சீலை உடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று லவீனா கேட்கவில்லை, கூடப் போனாள்.

கனிசியஸ் தன் வீட்டு முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். றஞ்சித் திருப்பிக் கொண்டுவந்த பை பக்கத்தில் அப்படியே கிடந்தது. யோசப்பினைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாங்கோ அக்கா.”

“தம்பி, நான் உம்மைப் பற்றி நினைக்கக்கூடாத ஒண்டை நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்.”

“நீங்கள் நினைச்சதிலை என்ன பிழை? வீட்டுப் பக்கம் வராத ஆளைப் பற்றி வேறை என்ன நினைக்கிறது.”

“அவருக்காக ஒரு மாசம் கரையிலை இருந்தனீர். பேந்து ஏன் வீட்டை வரேல்லை?”

கனிசியஸ் விரலில் சுற்றிக்கிடந்த நூலைக் கழற்றினார். கழற்ற அதிக நேரம் எடுத்தது.

“படலை வரைக்கும் கனதரம் வந்தனான் அக்கா. உள்ளை வந்தால் நீங்கள் தேத்தண்ணி ஊத்துவியள். அண்ணைக்கு ஊத்தாமல் எனக்கு மட்டும் ஊத்துவியள். அதை என்னெண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறது எண்டு திரும்பிப் போயிடுவன்.”

யோசப்பின் வலைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டாள். லவீனா தூக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டாள்.

“நீரும் வராட்டில், நான் ஆரோடை இருந்து அவரைப் பற்றிக் கதைக்கிறது?” என்றாள்.

கனிசியசும் பக்கத்தில் இருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தேற்றிக்கொண்டு நின்ற யோசப்பின், இளவாலையில் தங்கச்சிக்கு முன்னாலும் கண் கலங்காத யோசப்பின், அந்த முற்றத்தில் இருந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள். லவீனா அம்மாவைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள்.