பதியுதீன் பேரில் ஒரு வளவு

புஸ்பம் காணி உறுதியைப் பின்னாலிருந்து வாசித்தாள். கடைசித் தாளில்தான் எல்லைகள் இருக்கும்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே வேலி, தெற்கே தென்னந்தோட்டம், மேற்கே வாவி. எல்லை சரியென்றால்தான் முன்தாளில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். அப்படி வாசிக்கச் சொல்லித் தந்தவர் பதியுதீன். இந்த உறுதியின் முன்தாளில் இருந்ததும் அவருடைய பெயர்தான்.

உறுதியைக் கொண்டுவந்தவள் அவருடைய மனைவி ஸகியா. தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வித்துத் தாங்க அக்கா. மூத்தவள் ஸஹீதாக்கு மாப்புள பேசியாச்சி. மகளுக்கு வீடு கட்டிக் குடுக்கணும்."

தொண்ணூற்றைந்து தை மாதம். சண்டை நிறுத்தம் வந்து மூன்று கிழமை. காத்தான்குடியிலிருந்து புஸ்பம் இருக்கும் தேற்றாத்தீவுக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஸகியாவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து வருடம் எடுத்திருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் பகை மூண்டிருந்த தொண்ணூறு ஆடியில் கல்முனைப் பக்கம் காணி பார்க்கப் போன பதியுதீன் திரும்பவில்லை. கண்டவர் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அவர் புஸ்பத்தைவிட எட்டு வயது இளையவர். எண்பத்தைந்தில் அவளுடைய கணவன் அழகரத்தினம் சுடப்பட்டு இறந்த பிறகு, வெல்லாவெளி வட்டையில் இருந்த வயலை விற்க வேண்டி வந்தது. வாங்குபவரின் தரகராக வந்தவர் பதியுதீன். அவள் விலை பேசிய விதத்தைப் பார்த்துவிட்டுப் போகும்போது வாசல் படலையில் நின்று சொன்னார்:

"அக்கா, நீங்க எதிர்ப்பக்கம் இரிந்தா என்ட புள்ளைகள் பட்டினி. என்ட பக்கத்துக்கு வந்திருங்க."

அவருக்கும் அவள் தேவைப்பட்டாள். இந்தப் பகுதியில் வீடும் வளவும் பெண்கள் பேரில் இருக்கும். ஆண்கள் படலையில் நின்று விலை பேசுவார்கள். விற்பதா வேண்டாமா என்பது குசினியில் அடுப்போரம் முடிவாகும். குசினிக்குள் போக அவரால் முடியாது, அவள் போனாள். மற்றதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. காணிக்காரனிடம் கேட்டால் காணியைப் பற்றித் தெரியாது, பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்பார். வாவிக்கரைக் காணியை மார்கழி வெள்ளத்தில் பார்க்காமல் விலை சொல்லவே விடமாட்டார். முதல் நாள் அவள் நல்ல சேலை உடுத்துப் போனபோது, "காணி பாக்கவா கா, கலியாணத்துக்கா?" என்று கேட்டார். அன்று பின்னேரம் அந்தச் சேலை முழங்கால்வரை சேறாகத்தான் வீடு வந்தது.

ஒன்றில் மட்டும் அவர் விளையாடுவதில்லை. "வாயால கொஞ்சம் கூட்டிக் குறைச்சிச் சொல்லலாம். எழுத்தில பொய் வரப்படாது. பொய் எழுதின காணி பேரப்புள்ள காலத்திலயும் கோட்டு வழக்கில நிக்கும்."

இந்த ஐந்து வருடமும் அவள் தனியாகவே தரகு செய்தாள். ஒரு காணியில் கால் வைத்ததும், பக்கத்தில் இன்னொரு செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது தேடும். இல்லை என்று தெரிந்தும் தேடும்.

இந்த வளவு எண்பத்தொன்பதில் வாங்கியது. ஸகியா பேரில் எழுதவே இருந்தார்கள். ஸகியா பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாமல் வீட்டில் இருந்தாள். விற்றவர் அடுத்த நாள் கொழும்புக்குப் போகவிருந்தார். "இப்ப உங்கட பேரில எழுதுங்க தம்பி, பொறகு மாத்தலாம்" என்று அவசரப்படுத்தியது புஸ்பம்தான். அவர் அரை மனதோடு எழுதினார். மாற்றுவதற்குள் நாடு குழம்பிவிட்டது.

"இது தம்பிர பேரில இரிக்கு," என்றாள் புஸ்பம்.

"அதுக்கு வழியிரிக்காம் அக்கா. டவுனில உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசு, அவங்க போக முந்தியே எனக்கு அதிகாரம் தந்தாப்போல முந்தின திகதியப் போட்டு எழுதித் தருவாராம்."

"கையெழுத்து?"

"அதையும் அவரே வைப்பாராம்."

"தம்பி இதைக் கேள்விப்பட்டா என்னைத் தொழில விட்டே கலைச்சிருவார்."

ஸகியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வந்து கலைச்சா நல்லம்தானே."

புஸ்பம் உறுதியை ஸகியாவின் மடியில் திருப்பி வைத்தாள். பிறகு ஸகியா கேட்டாள்: "வேற வழி?"

"மரணப் பத்திரம் எடுக்கணும் தங்கச்சி. பொறகு வாரிசுக்காரர் எழுதிக் குடுக்கலாம்."

ஸகியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதை எடுத்தா நான் இத்தா இரிக்கணும். புருஷன் மௌத்தானவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இரிக்கிறது. ஊரே சொல்லியும் நான் இரிக்கல்ல. இரிந்து எழும்பின பொறகு அவங்க வந்து கதவத் தட்டினா, நான் ஆரெண்டு தொறக்கிற அக்கா?"

எந்தச் சிக்கல் காணிக்கும் ஒரு வழி வைத்திருந்த ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. புஸ்பம் தன் கணவனின் உடம்பைக் குளிப்பாட்டி அனுப்பியவள். அதுவும் ஒரு கொடுப்பினைதான் என்று அப்போது தோன்றியது.

ஸகியா உறுதியை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்து புஸ்பத்தின் கையில் வைத்தாள்.

"கூடப்பொறந்த காக்காட்டச் சொல்லிப் பத்திரத்துக்கு மனுப் போடுறன். நான் இரிந்து எழும்புமட்டும் வாங்கிற ஆள் நிப்பாரா?"

"நிப்பாட்டி வைக்கிறது என்ட வேலை."

வாங்குவதற்கு ஆள் இருந்தது. இடம்பெயர்ந்து வந்து வாடகை வீட்டில் இருந்த கதிர்காமத்தம்பி வாத்தியார் வாவிக்கரைப் பக்கம் ஒரு துண்டு காணி தேடிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் வளவைச் சுற்றி நடந்தவருக்குப் பிடித்துவிட்டது. காத்திருக்க வேண்டிய தவணையைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"நாலு மாசத்துக்கு மேலயா? இந்தச் சமாதானம் நாலு கிழமை நிக்குமோ தெரியா. ஏதும் வில்லங்கமோ புள்ள?"

"வில்லங்கம் ஒண்டுமில்ல."

"அப்ப உறுதிக்காரரக் கூட்டி வா. நான் கதைக்கிறன்."

வெளிநாட்டில் என்று சொல்லலாம். பாதி உறுதிக்காரர் அப்போது வெளிநாட்டில்தான் இருந்தார்கள், வாத்தியாரும் நம்புவார். சொல்ல வாயெடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: ஐந்து வருடமாக யார் கேட்டாலும் "காணல்ல" என்றே சொல்லி வந்திருக்கிறாள். அவர் இறந்துவிட்டார் என்று ஸகியாவை ஒத்துக்கொள்ள வைத்தவள், அந்தச் சொல்லைத் தன் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அவர் செத்துப்போனார் வாத்தியார்," என்றாள். "எனக்குத் தொழில் படிப்பிச்சவர். பொஞ்சாதி இத்தா இரிக்கப் போறா. அது முடியுமட்டும் நீங்க நிக்கணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார்.

"நிக்கிறன்," என்றார். "சண்டை வந்தாலும் நிக்கிறன்."

அவள் தலையாட்டிவிட்டு வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாத்தியார் வேலியோரமாகப் போய், நட்டிருந்த கதியால் தடிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தபடி, வெகுநேரம் அவள் நின்ற பக்கம் வராமலே நின்றார்.