ஐம்பதாவது ஆள்

வெர்லின் ஹாக் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இறந்தார்; திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில் எங்கள் ஊர்ச் சவப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் மூடிகளுக்கு உப்புத்தாள் தேய்த்தவர், ஒருநாள்கூட லீவு போடாதவர். எங்கள் பெட்டியில் வைத்துத்தான் புதைத்தோம். அதைத் திறக்க அவருக்குத் தெரியாதா என்ன? அவருடைய வருகை அட்டையை எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லை. தினமும் அதை நேரம் பதிக்கும் கடிகாரத்தில் குத்திவிட்டுத் தன் மேசைக்குப் போவார். பேசமாட்டார், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

அந்த ஆகஸ்டில், பக்கத்து மேசை ஜெனலின் கணவர் டுவைட்டுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. மூன்று மாதம் என்றார் டாக்டர். வீட்டில் நோயென்றால் பன்னிரண்டு வாரம் சம்பளமில்லா லீவில் நோயாளியோடு இருக்கலாம், வேலை போகாது என்று சட்டமே இருக்கிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருத்தம். ஆனால் ஐம்பது பேராவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். எங்களில் உயிரோடிருந்தவர்கள் நாற்பத்தொன்பது பேர்.

ஜெனல் வெர்லினின் அட்டையைக் கொண்டுபோய் ஆபீஸில் ஆள் கணக்குப் பார்க்கும் கர்ட்டின் முன்னால் வைத்தாள்.

"ஐம்பதாவது ஆளு இதோ. ஒருநாளாவது லேட்டா வந்திருக்காரா, பாரு கர்ட்."

"வரலைன்னு யாரு சொன்னா? உன்னைவிட ஒழுங்காத்தான் வர்றாரு. ஆனா சம்பளப் பட்டியல்ல பேரு இல்லையே. சம்பளம் வாங்காதவரை நான் எப்படி ஆளுன்னு எழுதுறது?"

"நான் கேக்குற லீவுக்கும்தான் சம்பளம் கெடையாது!"

"வேலைய மட்டும் விட்றாத, ஜெனல். இன்சூரன்ஸ் போயிடும். டுவைட்டோட மருந்து அதுலதானே வருது?" கர்ட் கெட்டவன் அல்ல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

ஜெனல் ஆறு மணிக்கு வந்தாள், இரண்டரைக்கு வீட்டுக்கு ஓடினாள். அவள் மூடிகளில் பாதியை வெர்லின் தன் பக்கம் இழுத்துத் தேய்த்துக் கொடுத்தார். நாங்கள் சமைத்துக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்தோம். அதற்குமேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டுவைட் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தனியாக இறந்தார். அந்நேரம் ஜெனல் யாருடைய பெட்டிக்கோ உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு மூன்று நாள் லீவு கொடுத்தார்கள், சம்பளத்தோடு.

திங்கட்கிழமை அவள் பின்னாலேயே டுவைட்டும் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். வெர்லின் நகர்ந்து இடம் விட்டார். டுவைட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மணியடிக்கும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். ஏழு வருடமாகிறது, ஜெனல் பிறகு லீவே கேட்கவில்லை. மாதக் கடைசியில் கர்ட் வந்து தலைகளை எண்ணுகிறான். வெர்லினுக்கும் டுவைட்டுக்கும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, நாற்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போகிறான்.