புரபசரம்மா விலை

திண்டுக்கல்லுக்குக் கல்லூரி வந்த வருஷம், கூடவே இரண்டு விலைகளும் வந்தன. ஒன்று ஊர் விலை, இன்னொன்று காலேஜ் விலை. பேகம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடைக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத சந்துகளில்கூட வாடகை ஏறிவிட்டது. "காத்து மாறியடிச்சா வாடையே தெரியாது" என்று வீட்டுக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். காற்று மாறாத நாளில் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

அப்படி ஒரு சந்தில்தான் ஜெயமேரி குடித்தனம் வைத்திருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். கணவன் மிக்கேல்ராஜ் கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துவது புரபசர் வேலை. மாணவர்கள் ஆசிட்டைக் கொட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இவன் வேலை. சம்பளமும் அந்த அளவில்தான். ஆனால் பிரின்சிபால் எல்லாரையும் கோட்டுப் போட்டு வரச் சொல்லிவிட்டார். மிக்கேல்ராஜிடம் இருந்தது கல்யாணக் கோட்டு ஒன்றுதான். அதை மாட்டிக்கொண்டு அவன் முதல் நாள் தெருவில் இறங்கியபோது, முக்கில் நின்ற ஜட்காக்கார மீரான், "வாங்க புரபசர் சார்" என்றான். மாலைக்குள் சந்து முழுக்க ஜெயமேரி புரபசரம்மா ஆகிவிட்டாள்.

மறுநாள் காய்க்காரி ஜக்கம்மாள் கூடையை இறக்கி, "பிஞ்சுக் கத்தரிக்கா, புரபசரம்மா" என்று ஒரு விலை சொன்னாள். அதே கத்தரிக்காய்க்குப் பக்கத்து வீட்டில் அவள் சொன்ன விலை ஜெயமேரியின் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனாலும் கேட்ட காசைக் கொடுத்தாள். புரபசர் வீட்டம்மா கத்தரிக்காய்க்கு மல்லுக்கட்டுவாளா? தண்ணிக்காரன் மொக்கைச்சாமியும் குடத்துக்குக் கொஞ்சம் கூட்டினான். அதையும் கொடுத்தாள்.

ஏன் கொடுக்கிறோம் என்று அவள் யோசிக்காமல் இல்லை. பிறந்த ஊர் சேவுகம்பட்டியில் அவள் இஞ்ஞாசியம்மாள் மகள். கல்யாணத்துக்குப் பிறகு மிக்கேல் பெண்டாட்டி. புரபசரம்மாவும் இன்னொருவர் பெயரின் வால்தான். அதுவும் கணவனுக்கே சொந்தமில்லாத பெயர். இருந்தாலும் இந்த வாலில் ஒரு தோகை இருந்தது. தெருவில் நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. முதுகு நிமிர்வதற்குத் தினம் கொஞ்சம் காசு என்றால் அது அதிகமா என்ன?

மாதக் கடைசியில் அதிகமாகத்தான் இருந்தது.

அன்று வெறும் ரசம். அதில் போடக் கறிவேப்பிலைகூட இல்லை. மிக்கேல்ராஜ் சோற்றில் குழி பண்ணி, குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பளம் எங்கதான் போகுதுன்னு தெரியல, மேரி."

"அரிசி விக்கிற விலை தெரியாதா உங்களுக்கு?" என்றாள். சொன்னது உண்மை. முழு உண்மை இல்லை.

"அதான் யோசிச்சேன். ஹாஸ்டல்ல ராயப்பராஜ் சார் கட்டில் காலியாகுது. நான் அங்க போயிர்றேன். நீ கொஞ்ச நாள் ஊர்ல அம்மாகிட்ட இரு. விலையெல்லாம் எறங்கட்டும்."

"விலை என்னைக்குங்க எறங்கிருக்கு?"

அவன் குழியை மூடிச் சோற்றைப் பிசைந்தான். ஜெயமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த ஒற்றை அறை, சாயங்காலம் வாசற்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து மலைக்கோட்டை மேல் வெயில் சரிவதைப் பார்ப்பது, ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்த சட்டையைக் காட்டி அவன் சிரிக்க வைப்பது. இதையெல்லாமா தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்காய்க்கும் தண்ணீருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம்?

மறுநாள் காலை, அவன் கல்லூரிக்குப் போன பிறகு, முன்கட்டிலிருந்து வீட்டுக்காரி குர்ஷித் பேகம் வெற்றிலையை மென்றபடி வந்தாள்.

"புரபசரம்மா, கோவிச்சுக்காதீக. அடுத்த மாசத்துலயிருந்து வாடகை அஞ்சு ரூவா கூட. காலேஜ் ஆளுகளுக்கு இதெல்லாம் ஒரு காசா?"

ஜெயமேரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஹாஸ்டல் கட்டில் ஞாபகம் வந்தது.

"அக்கா, அவரு புரபசர் இல்ல."

குர்ஷித் மெல்லுவதை நிறுத்தினாள். "பின்ன?"

"டெமான்ஸ்ட்ரேட்டர். பையங்க குழாயக் கழுவுனாங்களா, அடுப்ப அணைச்சாங்களான்னு பாக்குற வேலை. புரபசர் சம்பளத்துல பாதிகூட வராது. நீங்க வாடகைய ஏத்துனா என்னைய ஊருக்கு அனுப்பிருவாரு."

சொல்லி முடித்ததும் ஏதோ உடைந்து விழப்போகிறது என்று காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கொக்கரித்தது. அவ்வளவுதான்.

"அல்லாவே!" குர்ஷித் படியில் உட்கார்ந்துவிட்டாள். "வத்தலக்குண்டு மாப்பிள்ள வீட்டுல பெருமையா சொல்லி வச்சிருக்கேனே! எங்க வீட்டுல புரபசர் குடியிருக்காரு, எங்க நஜ்முன்னிசா அந்தம்மாகிட்டதான் இங்கிலீஷ் படிக்குதுன்னு. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராக."

மகள் நஜ்முன்னிசா படிக்க வருவது உண்மைதான். மத்தியானத்தில் வந்து எழுத்துக் கூட்டுவாள். பாதி நேரம் இருவருக்கும் சிரிப்பிலேயே போகும்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் அக்கா."

"உன்னைய யாரு சொல்லச் சொன்னா? இம்புட்டு நாளும் நீயா ஏதாச்சும் சொன்னியா? அதே மாதிரி இரு."

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. காசு கொடுத்து மற்றவர்களைச் சொல்ல வைத்திருந்தாள்.

"கேட்டா உள்ளதச் சொல்லுவேன்" என்றாள் மெதுவாக. "உங்க மக கெட்டிக்காரின்னும் சொல்லுவேன். இனிமே நெசமாவே தினம் உக்காந்து சொல்லித் தாரேன்."

குர்ஷித் வெற்றிலையை மறுபடி மெல்லத் தொடங்கினாள். "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. அதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

"சரி. பாடம் சொல்லித் தாரதுல அந்த அஞ்சு ரூவா கழிஞ்சு போச்சு. பழைய வாடகையே குடு. ஆமா, அந்த ஜக்கம்மா கேக்குற காச ஏன் வாய மூடிக்கிட்டுக் குடுக்குற? உள்ளயிருந்து கேட்டுக் கேட்டு என் வயிறு எரியுது."

"புரபசர் வீட்டம்மா போய்ப் பேரம் பேசுனா..."

"அடி இவளே! தோல் ஷாப் மொதலாளி சம்சாரம் ஒரு கட்டுக் கீரைக்கு வெயில் ஏறுற வரைக்கும் பேசுவாக. பேசாமக் காசு குடுத்தா ஊரு என்ன சொல்லும் தெரியுமா? இந்தம்மாவுக்கு அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாது போலங்கும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஜக்கம்மாளின் குரல் கேட்டது. கூடை வாசலில் இறங்கியது.

"புரபசரம்மா, நீங்க எடுப்பீகன்னே பிஞ்சாப் பொறுக்கித் தனியா வச்சிருக்கேன்." விலையைச் சொன்னாள்.

ஜெயமேரி வாயைத் திறந்தாள். அதற்குள் கை பழக்கத்தில் காசு முடிச்சுக்குப் போனது. பின்னால் குர்ஷித் தொண்டையைக் கனைத்தாள்.

"கூடச் சொல்றீங்க" என்றாள் ஜெயமேரி.

"என்னம்மா, உடம்புக்கு ஆகலையா?" ஜக்கம்மாள் நிஜமாகவே கவலைப்பட்டாள்.

"இன்னிக்குத்தான் சரியா இருக்கு. பக்கத்து வீட்டுக்குச் சொன்ன விலையச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு புரபசர் இல்ல."

"யாரா இருந்தா எனக்கென்ன? நான் புரபசரம்மான்னு கத்துறத விட முடியாது. காலேஜ் வீட்டுக்கே நான்தான் காய் போடுறேன்னு சொல்லித்தான் அடுத்த தெருவுல மூணு வீடு புடிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப அதுக்கு நீங்கதான எனக்குக் காசு தரணும்?"

குர்ஷித் வெற்றிலைச் சாறு புரையேற இருமினாள். ஜக்கம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தி! ஊமையின்னுல்ல நெனச்சேன். வாயப் பாரு!"

அப்புறம் கொஞ்ச நேரம் சந்தே வேடிக்கை பார்த்தது. ஜெயமேரி ஒரு கத்தரிக்காயை எடுத்துச் சொத்தை காட்டினாள். ஜக்கம்மாள் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாள். இரண்டு தடவை கூடையைத் தூக்கி, இரண்டு தடவையும் இறக்கினாள். கடைசியில் ஊர் விலைக்கு நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே எறிந்தாள்.

இந்த ஊரில் ஜெயமேரி வாங்கிய முதல் கொசுறு அது. காலேஜ் விலைக்குக் கொசுறு கிடையாது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெருவில் நின்று கத்தியிருக்கிறாள், பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். முதுகு மட்டும் நிமிர்ந்தபடியே இருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

சாயங்காலம் மிக்கேல்ராஜ் கோட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாலையும் தோகையையும் மட்டும் விட்டுவிட்டாள். அது அவளோடு இருக்கட்டும்.

கோபம் வரும் என்று நினைத்தாள். அவன் ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க அப்படியே நின்றான்.

"நான் ஏன் வாரத்துல ரெண்டு மூணு நாள் ஜட்காவுல போறேன்னு நீ கேட்டதே இல்லையே."

"மழைன்னு சொன்னீங்க."

"திண்டுக்கல்லுல எங்கடி மழை பெஞ்சுது?" அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். "அந்த மீரான் தெருவுக்கே கேக்குற மாதிரி புரபசர் சார்னு கூப்பிடுவான். ஏறாமப் போக மனசு வராது."

ஜெயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் சிரித்துவிட்டான்.

அன்றைக்கும் ரசம்தான். கறிவேப்பிலை மிதக்கிற ரசமும், கத்தரிக்காய் வெஞ்சனமும்.

"ராயப்பராஜ் சார் கட்டில் என்னாச்சு?" என்று கேட்டாள், அகப்பையைக் கையில் பிடித்தபடி.

"எந்தக் கட்டில்?" என்றான் அவன், தட்டை நீட்டி.