பீடக்கல் ஆறு கடந்த கதை

கார்த்திகைத் திங்களின் வைகறையில் வண்டிப்பெரியாற்றின் மேலைக் குன்றுகளைக் கண்டிலாதார், பசுமை என்னும் சொல்லின் முழுப்பொருளையும் கண்டிலாதாரே ஆவர். இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையில் நீராடி எழுந்த தேயிலைச் செடிகள், பள்ளத்திலிருந்து முகடுவரை ஒன்றன் தோளில் ஒன்று கைவைத்தாற்போல் நெருங்கி நிற்க, அவற்றின் ஊடே வெண்பனி, கறந்த பாலில் எழும் நுரைபோலப் பொங்கியும் அடங்கியும் தவழ, பள்ளத்தாக்கின் அடியில் பெரியாற்றை நாடி விரையும் காட்டாறு ஒன்று பாறைகளோடு ஓயாது வழக்காடிக்கொண்டிருக்கும். கீழ்வானம் சிவக்கும் பொழுதில் ஆலைச்சங்கு ஒலிக்கும். லயம் என்று தோட்டத்தார் வழங்கும் வரிசை வீடுகளின் கூரைகளில் அடுப்புப்புகை எழும். கூடை சுமந்த மகளிர் குளிருக்கு முக்காடிட்டு, கதை பேசி, மலையேறுவர். நற்றமிழ் கற்ற நண்பரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் கார்த்திகையில் இக்குன்றுகளிடையே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லப் புகுகின்றேன்.

ஆற்றின் இக்கரையில் வெள்ளிமேடு என்றொரு தோட்டம். அக்கரையில் ஆனைப்பாறை என்றொரு தோட்டம். வெள்ளிமேட்டில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடிகள், தம் பாட்டன்மார் நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய நாள்தொட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அருகிலிருந்த தகரக் குடிலிலேயே வழிபட்டு வந்தனர். மழை பெய்தால் குருவின் குரல் கூரையின் முழக்கத்தில் மூழ்கும். வெயில் எறித்தால் மெழுகுதிரி ஏற்றுமுன்னரே வளையும். ஆயினும் பிறந்த குழந்தைக்கு நீர் வார்த்ததும், இறந்தாருக்காக மன்றாடியதும், பிணங்கியவர் கைகோத்ததும் அக்குடிலிலேதான். அக்குடிகளுக்குக் கல்லாலும் சுண்ணத்தாலும் ஒரு கோயில் எடுக்கவேண்டுமென்று பங்குக்குருவாகிய இன்னாசியார் அடிகள் உள்ளங்கொண்டபோது, அப்பணியைத் தன் பணியென்று ஏற்று முன்னின்றவர் ஏசுரத்தினம் என்னும் கொத்தனார்.

ஏசுரத்தினம் நெடிய மேனியும் குறுகிய சொல்லும் உடையவர். தோட்ட வேலை முடிந்து பிறர் குளிர்காயும் அந்திப்பொழுதுகளில் அவர் நூல்பிடித்துக் கல் அடுக்கினார். ஞாயிறுதோறும் பங்கு மக்கள் ஆற்றுமணல் சுமந்து கொடுக்க, அவர் சாந்து குழைத்தார். கோயிலும் ஆண்டுதோறும் வளர்ந்து, தூய சவேரியாரின் பெயர் தாங்கி, மேட்டின் உச்சியில் வெண்கொக்கு ஒன்று சிறகு மடக்கி அமர்ந்தாற்போல் நின்றது. ஆனால் சுவரெழுப்பத் தெரிந்த அக்கைகளால் தம் வீட்டினுள் எழும்பிய சுவரொன்றை மட்டும் இடிக்க இயலவில்லை.

அவருடைய ஒரே மகள் ஞானப்பூ, அக்கரை ஆனைப்பாறைத் தோட்டத்துக் கருத்தப்பாண்டியை விரும்பி, அவ்வூர் மாரியம்மன் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாள். கருத்தப்பாண்டி பளு ஏற்றும் ஆட்களுக்குத் தலைவன், கள்ளும் தொடாதவன், எனினும் வேற்றுச் சமயத்தான். அடுத்த ஞாயிறு வழிபாடு முடிந்ததும், தகரக்குடிலின் வாயிலில் ஊரார் அனைவரும் கேட்க ஏசுரத்தினம், "அவனை மருமகன்னு கூப்பிட என் நாக்கு எந்திரிக்காது. அந்தப் பேச்சை யாரும் என்கிட்ட எடுக்க வேண்டாம்," என்றார். எடுக்கவும் இல்லை. மனைவி வியாகுலம் மட்டும் கீரை பறிக்கச் செல்வதாகச் சொல்லி ஆற்றைக் கடந்து மகளைக் கண்டு வருவாள். கீரையின்றித் திரும்பும் அவளை அவர் ஒருநாளும் வினவியதில்லை. பேத்தி பிறந்த செய்தியும் அவர் செவிக்கு எட்டியது. அன்று அவர் உண்ணாமல் நெடுநேரம் கோயிற்சுவருக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார் என்பர்.

சவேரியார் திருநாளன்று ஆயர் வந்து கோயிலை இறைவனுக்கு நேர்ந்தளிப்பார் என்று உறுதியாயிற்று. கட்டியவர்களின் சார்பில் கோயிற்சாவியை ஆயர் கையில் அளிக்கும் பேறு ஏசுரத்தினத்துக்கே என்று பங்கு மக்கள் ஒருமனப்பட்டனர். குறையென நின்றது பீடக்கல் ஒன்றே. பிளவும் ஒட்டும் இல்லாத ஒற்றைக் கல்லே பீடமாக வேண்டும் என்று கம்பத்துப் பக்கத்து மலையடிவாரத்தில் சொல்லி வைத்து, ஏசுரத்தினமே அங்குச் சென்று தங்கி, அதன் முகத்தைத் தம் உளியால் இழைத்துவிட்டு வந்திருந்தார். அக்கல் சரக்குந்தில் ஏறி, குமுளி மலைப்பாதை கடந்து, திருநாளுக்கு இரு நாள் முன்னர் ஆற்றின் அக்கரையை வந்தடைந்த நேரத்திலோ, மலைமுகட்டில் கொட்டிய பெருமழை புதுவெள்ளமாய்த் திரண்டு வந்து, இருகரையையும் இணைத்திருந்த மரப்பாலத்தைத் துரும்பென வாரிச் சென்றிருந்தது.

சரக்குந்தின் ஓட்டுநர், மலைப்பாதை அடைபடுமுன் திரும்பவேண்டுமென்று விரைந்தார். ஆகவே கருத்தப்பாண்டியும் அவனுடைய ஆட்களும் வந்து, உருட்டுக்கட்டைகளின்மேல் கல்லை இறக்கி, ஆற்றோரத்துத் திட்டில் வைத்தனர். வெள்ளம் வடிந்ததும் அங்கிருந்து கடத்துவது எளிது என்பது அவர்கள் எண்ணம். இக்கரையில் வெள்ளிமேட்டார் எல்லாரும் திரண்டு, மணமகளின் பல்லக்கை எதிர்நோக்கிய மணவீட்டாரைப் போலக் கல்லைக் கண்டு களித்து நின்றனர்.

ஏசுரத்தினத்தின் கண்கள் மட்டும் கல்லை நோக்கவில்லை; கல்லின் கீழிருந்த மண்ணை நோக்கின. அத்திட்டின் அடியை வெள்ளம் அரித்துக்கொண்டிருந்தது. நீர்முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடி, அவர் பார்த்திருக்கவே அகன்றது. திட்டின்மேல் நின்றவர்களுக்கு அது தோன்றாது. எதிர்க்கரையில் நின்றவர்க்கே தோன்றும். கல் சரியுமாயின் அதனோடு ஆட்களும் சரிவர்.

"கரை வெடிக்குது! மேட்டுக்கு ஏத்துங்க!" என்று கத்தினார். ஆற்றின் இரைச்சல் அச்சொற்களைப் பாதிவழியில் விழுங்கிற்று. அக்கரை ஆட்கள், கொத்தனார் கல்லைக் கண்ட மகிழ்ச்சியில் கூவுகின்றார் என்று கருதி, துண்டை அசைத்து மகிழ்ந்தனர். கருத்தப்பாண்டியோ முதுகு காட்டிக் குனிந்து, கட்டை நழுவாதிருக்கக் கல்முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னாலன்றி அவ்வாட்கள் ஓரடியும் எடுத்து வையார்.

"ஏ, பாண்டி!" என்று கூவினார் ஏசுரத்தினம். ஆனைப்பாறையில் பாண்டி என்னும் பெயர் பாதிப் பேருக்கு உண்டு. நால்வர் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தனர். பற்களைக் கடித்துக்கொண்டு, அதுநாள்வரை நாவில் ஏறாத முழுப்பெயரையும் சொல்லிக் கூவினார். "கருத்தப்பாண்டி!" என்னும் அழைப்புக்கு, குலதெய்வத்தின் பெயரையே தானும் தாங்கிய அவனுடைய சிற்றப்பன் மகன் திரும்பி, கைகூப்பி வணங்கிச் சிரித்தான்; மாமனார் தன்னை அழைப்பார் என்று கனவிலும் எண்ணாத உரியவனோ நிமிரவில்லை.

வெடிப்பு மேலும் அகன்றது. மண்கட்டி ஒன்று பெயர்ந்து நீரில் விழுந்தது. ஏசுரத்தினம் தம்மைச் சூழ்ந்து நின்ற ஊராரை ஒருமுறை பார்த்தார், வியாகுலத்தைப் பார்த்தார், பின் இரு கைகளையும் வாயருகே குவித்து, வயிற்றிலிருந்து எழும் குரலால், "மாப்பிள்ளே!" என்றார்.

அக்கரையில் அச்சொல்லுக்கு உரியவன் ஒருவனே. கருத்தப்பாண்டி நிமிர்ந்தான். தன் காதையே நம்பாதவனாய் ஒருகணம் நின்று, பின் மெல்லத் திரும்பினான். மாமனார் மீண்டும் ஒருமுறை, முன்னினும் உரக்க, "மாப்பிள்ளே!" என்று அழைத்து, தம் இரு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிளந்து காட்டினார். அவன் திட்டின் விளிம்பில் படுத்துக் கீழே எட்டிப்பார்த்தான், எழுந்தான், அடுத்த நொடியில் கடப்பாரைகள் கல்லின் அடியில் பாய்ந்தன. கட்டைகள் உருள, கயிறுகள் முறுகி முனக, கல் தயங்கித் தயங்கிப் பின்வாங்கி, மேட்டிலிருந்த பாறைமீது ஏறி அமர்ந்தது. அதன்பின் திட்டு, களைத்த மாடு படுப்பதுபோலச் சத்தமின்றிச் சாய்ந்து வெள்ளத்துள் கரைந்தது.

அக்கரை ஆட்கள் கடப்பாரைகளைக் கீழே போட்டனர். பின், வெள்ளிமேட்டுக் கிழவர் ஒருவர், "நாக்கு எந்திரிச்சுட்டுதேப்பா," என்று மெல்லச் சொல்ல, எழுந்த சிரிப்பொலியில் ஆற்றின் இரைச்சலும் தோற்றது. ஏசுரத்தினமும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் துடைத்தது மழைநீரன்று என்பதை வியாகுலம் அறிவாள்.

மறுநாட் காலை வெள்ளம் முழங்காலளவுக்கு வடிந்தது. இருதோட்டத்து ஆடவரும் மூங்கில் தண்டுகளில் கல்லைக் கட்டித் தோள்கொடுத்தனர். ஒருவன் முருகனை அழைக்க, அவனுக்கு அடுத்தவன் மாதாவை அழைக்க, இருபெயரும் ஒரே மூச்சில் கலந்தெழ, கல் ஆற்றைக் கடந்து, தேயிலைச் சரிவேறி, கோயிலினுள் தனக்கென அமைந்த தூண்களின்மேல் அமர்ந்தது. முன் தண்டில் மாமனும் மருமகனும் ஒருதோளாக வந்தனர். இறக்கிவைத்த பின், ஏசுரத்தினம் தரையைப் பார்த்தபடியே, "வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளே. சாப்பிட்டுப் போகலாம்," என்றார்.

"வர்றேன் மாமா. ஆனா அவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படி உங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுறது?"

ஏசுரத்தினம் சுண்ணம் படிந்த கைகளைக் கழுவினார்; சட்டையை மாட்டிக்கொண்டார்; மருமகனுக்கு முன்னே ஆற்றை நோக்கி நடந்தார்.

ஆனைப்பாறை லயத்தின் கடைக்கோடி வீட்டில் ஞானப்பூ குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். வாயிலை நிறைத்து நின்ற உருவத்தைக் கண்டதும் எழுந்தாள். கையிற் சோறும் கண்ணில் நீருமாய் நின்றாள். நெடுநாட் சொல்லாதிருந்த சொற்களெல்லாம் ஒரே வாயிலில் முட்டி மோதின. கடைசியில் அவளே, "கட்டன் போடட்டுமாப்பா?" என்றாள்.

"போடும்மா."

பால் கலவாத அத்தேநீரை அவர் மெல்லப் பருகி முடிக்கும் வரையில், பேத்தி அவர் மீசையை ஆராய்ந்து முடித்திருந்தாள். கோப்பையை வாங்கும்போது ஞானப்பூ தாழ்ந்த குரலில், "நாளைக்கு நானும் கோயிலுக்கு வரலாமா?" என்று கேட்டாள்.

"ஆயர் கையில சாவி கொடுக்கணும்னு என்னைச் சொல்லியிருக்காங்க. அதை நீ பாக்காம வேற யாரு பாக்கறது?" என்றவர், உள்ளிருந்து எட்டிப்பார்த்த சம்பந்தியம்மாள் மாரித்தாயை நோக்கிக் கைகூப்பி, "நீங்களும் வரணும். உங்க லயத்துல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

திருநாள் புலர்ந்தது. வாழையும் தென்னங்குருத்தும் வாயிலை அணிசெய்ய, மேளம் முழங்க, ஆயர் கோயிலின் மூடிய கதவின் முன் நின்றார். ஏசுரத்தினம் வெள்ளை வேட்டி உடுத்து முன்வந்து சாவியை அளித்தார். ஆயர் அதை இன்னாசியார் அடிகளிடம் தர, கதவு திறந்தது. மக்கள் வெள்ளம் உட்புகுந்தது. வெள்ளிமேட்டார் இடப்பக்கமும் ஆனைப்பாறையார் வலப்பக்கமும் என்று எவரும் வகுக்கவில்லை. இடம் கிடைத்த இடத்தில் இருந்தனர். ஆயர் முதலில் மக்கள்மீதும் பின்னர்ச் சுவர்கள்மீதும் புனித நீரைத் தெளித்தார். மறையுரையில் அவர் நெடிது பேசவில்லை. "கல்லைக் கடவுளுக்குக் கொடுப்பது எளிது. கல் அசைவதில்லை; எதிர்த்துப் பேசுவதில்லை. மனிதர் தம்மைக் கொடுப்பது அரிது. இன்று இரண்டையும் கேட்க வந்திருக்கிறேன்," என்றார்.

பின் அவர் அங்கியின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு பீடத்தின்மேல் திருத்தைலத்தை வார்த்து, பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவும் தாயைப்போல், தம் உள்ளங்கைகளாலேயே கல்லெங்கும் தடவினார். தம் உளி பட்ட முகம் ஒளிபெற்று மின்னுவதை ஏசுரத்தினம் இமையாது நோக்கினார். இந்தக் கல்லின் ஒவ்வொரு புள்ளியையும் தாம் அறிந்ததாக எண்ணியிருந்தவருக்கு, அது இனித் தம்முடையதன்று என்பது அப்போது விளங்கிற்று; மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் தந்தைக்கு உண்டாகும் இன்பமும் வெறுமையும் அவர் நெஞ்சில் ஒருங்கே எழுந்தன. மகளை அவ்வாறு கொடுக்கும் நாளை அவர் முன்பு இழந்திருந்தார் அன்றோ!

பீடத்தின்மேல் தணற்கலம் வைத்து, ஆயர் நறுமணப் பொருளை அள்ளி இட்டார். வெண்புகை நிமிர்ந்து கூரையைத் தொட்டது. கோயில் முழுதும் மூச்சடங்கி நின்ற அக்கணத்தில், நடுவே அமர்ந்திருந்த மாரித்தாய், தெய்வத்தின் முன் புகையெழுந்தால் பெண்கள் வாளாயிருத்தல் முறையன்று என்பதையே அறிந்தவளாதலின், நாவைச் சுழற்றிக் குலவையிட்டாள். தனித்தெழுந்த அவ்வொலி வளைவுகளில் மோதித் திரும்பியது. பீடச் சிறுவர் திகைத்தனர். இன்னாசியார் அடிகள் ஆயரின் முகத்தை நோக்கினார். மாரித்தாய் தான் தவறிழைத்தாளோ என்று நடுவில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளருகில் இருந்த வியாகுலம், பொத்திய அக்கையைப் பற்றி விலக்கினாள். தானே குலவையைத் தொடர்ந்தாள். நெல்லைச் சீமையின் வயல்களில் அவர்தம் பாட்டிமார் நாற்று நடுகையிலும் மணப்பந்தலிலும் எழுப்பிய ஒலி, மலையேறியபின் குடிலின் தகரக் கூரைக்கடியில் ஏனோ ஒடுங்கிக்கிடந்த ஒலி, ஒருத்தி வாயிலிருந்து மற்றொருத்திக்குத் தாவி, ஞானப்பூவையும் தொட்டு, கோயிலை நிறைத்தது. ஆயர் புன்முறுவல் பூத்தார். தூபக்கலத்தை அசைத்தபடி பீடத்தைச் சுற்றத் தொடங்கியவர், குலவை ஓயுமட்டும் தம் நடையைத் தளர்த்திக்கொண்டார். விளக்குகள் ஏற்றப்பட்டன, அப்பீடத்தில் முதல் திருப்பலி நிறைவேறிற்று.

அதன்பின் நிகழ்ந்தவை இன்பமே. ஆயரின் இசைவு பெற்று, ஞானப்பூ, கருத்தப்பாண்டி இருவரின் மணவுறவை அடிகள் அக்கோயிலில் வாழ்த்தினார். அங்கு நடந்த முதல் மணவிழா அதுவே. மணமகன் தன் வழிபாட்டில் நின்றான். மனைவி தன் வழிபாட்டில் நின்றாள். இருவரும் ஒரே உலையில் சோறு வடித்தனர். கொடியேற்றத் திருநாளில் கொடிமரம் சுமக்க ஆனைப்பாறையார் ஆற்றைக் கடந்து வருவர். மாரியம்மன் பொங்கலுக்கு வெள்ளிமேட்டார் விறகு கொண்டு செல்வர். அடித்துச்சென்ற பாலத்தை இருதோட்டத்தாரும் கூடிக் கல்லால் கட்டினர். நோயுற்றவர் வீட்டுக்கு அரிசியும், துயருற்றவர் வீட்டுக்கு ஆளும் கேளாமலே சென்று சேரும் வழக்கம் அப்பங்கில் வேரூன்றியது.

கோயில் என்பது ஒரு நாளில் நேர்ந்தளிக்கப்படுவது என்று ஏட்டில் எழுதுவர், அது வழக்கு. நண்பரே, சாந்து உலர்வதற்குச் சில நாள் போதும். மக்கள் ஒருவரோடொருவர் பொருந்தி உலர்வதற்கு ஆண்டுகள் பல வேண்டும். அப்பொருத்தமும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஏசுரத்தினமும் மாரித்தாயும் மண்ணுக்குள் அடங்கினர். அவர்தம் பெயரும் ஒருநாள் அடங்கும். ஆயினும் ஆண்டுதோறும் சவேரியார் திருநாளில் பீடத்தினின்று நறும்புகை எழும்போது, அவ்வூர்ப் பெண்கள், எவர் தொடங்கிய வழக்கம் என்று அறியாமலே, குலவையிடுகின்றனர். மலை அதனைக் கேட்டு, மெல்ல மறுமொழி கூறுகின்றது.